டிக் போட்டால் அளந்ததாகிவிடாது

சிறு வேலை வண்டிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் ஒற்றை சிலிண்டர் வேலை வண்டியின் புதிய பதிப்புக் கையேடு என் கைக்கு வந்திருக்கிறது. பழைய பதிப்பில் டேப்பெட் இடைவெளிக்கு, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவில் விட வேண்டிய மெல்லிய சந்துக்கு, ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு எவ்வளவு, புகை வெளியே போகும் எக்ஸ்ஹாஸ்ட் வால்வுக்கு எவ்வளவு, இன்ஜின் எந்த நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும், லாக் நட்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. புதிய பதிப்பில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'இப்பணிக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்.' டேஷ்போர்டில் இருந்த, இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மணி மீட்டரும் இந்த மாடலில் இல்லை. கேட்டால், தகவல் வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எங்கள் கருவியை மாட்டினால் தெரியும் என்கிறார்கள்.

நான் உங்கள் ஊழியன் இல்லை, உங்கள் டீலரும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கும் வெளி மெக்கானிக். உங்கள் வண்டி நல்ல வண்டி என்று பலரிடம் சொல்லி வாங்க வைத்தவனும் நான்தான். அதனால்தான் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். இந்த மடலே அதனால் வந்ததுதான்.

வண்டிக்காரர் தம்பி முறையில் பழகுகிறவர். காலையில் செல்ஃப் அடித்தால் பத்து தடவைக்கு மேல் சுற்ற விட்டுத்தான் பிடிக்கிறது, பிடித்தாலும் சுமை ஏற்றினால் இழுவை இல்லை, ஐட்லிங்கில் நிற்க மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஒன்றைச் சொன்னார்: "அண்ணே, இன்ஜின்ல ஒண்ணும் இருக்காது. சத்தமே இல்ல பாருங்க. வாங்கினப்ப டேப்பெட் கொஞ்சம் டிக் டிக்குன்னு கேக்கும். இப்ப அதுவும் இல்ல." அவருக்கு அதில் பெருமை. எனக்கு அதைக் கேட்டதுமே வயிற்றைக் கலக்கியது.

சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டேன். ஒழுங்கான மனிதர், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். முதல் சர்வீஸ் 300 கிலோமீட்டர், அதற்குப் பிறகு 500-க்கு ஒன்று என்று நான்கு சர்வீஸ். நான்கையும் உங்கள் சென்டரிலேயே செய்திருக்கிறார். நான்கிலும் 'டேப்பெட் சரிபார்ப்பு' என்ற வரிக்கு எதிரே நீல மையில் அழகாக டிக்.

இருக்கையையும் பக்கப் பலகையையும் கழற்றி, டேப்பெட் மூடியை டார்ச் அடித்துப் பார்த்தேன். மூடியின் போல்ட் தலைகளில் ஃபேக்டரியில் வைத்த மஞ்சள் பெயிண்ட் கோடு இருக்கும் அல்லவா, போல்ட்டின் தலையிலிருந்து மூடியின் உலோகம் வரை இழுத்த கோடு, அது அப்படியே இருந்தது. ஒரு போல்ட்டில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். ஸ்பேனர் ஒரு தடவை பட்டிருந்தாலும் அந்தக் கோடு ஒடிந்து விலகியிருக்கும். மூடியைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய விளிம்பிலும் கீறல்கூட இல்லை. போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்தேன்.

மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியை நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். இன்லெட் ராக்கர் லேசாக ஆடியது. எக்ஸ்ஹாஸ்ட் ராக்கர் ஆடவில்லை. ஒருவேளை தவறான சுற்றில் நிற்கிறோமோ என்று இன்னொரு முழுச் சுற்று சுற்றினேன். அங்கே இரண்டு ராக்கரும் இறுகி நின்றன, அதாவது அது புகை வெளியேறி முடியும் மேல்நிலை. திரும்பவும், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய கம்ப்ரஷன் மேல்நிலைக்கே வந்தேன். எக்ஸ்ஹாஸ்ட்டில், இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழையவில்லை. என்னிடம் இருக்கும் மெல்லிய 0.03 தகடும் நுழையவில்லை. உங்கள் பழைய கையேட்டின்படி அங்கே 0.15 இருக்க வேண்டும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலை வண்டிக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்ஹாஸ்ட் வால்வு நெருப்பிலேயே குளிக்கிற பாகம். அது தன் சூட்டை இறக்கி வைக்க இருக்கும் முக்கியமான வழி, மூடிய நேரத்தில் சீட்டோடு, அதாவது அது பொருந்தி உட்காரும் வளையத்தோடு, ஒட்டி உட்காருவது. ஓட ஓட வால்வு தன் சீட்டில் அடித்து அடித்து மயிரிழை மயிரிழையாக உள்ளே அமுங்குகிறது. அமுங்க அமுங்க அதன் தண்டு ராக்கரை நோக்கி ஏறி, இடைவெளியைத் தின்கிறது. இடைவெளி தீர்ந்துபோனால் சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. மூடாத அந்த மெல்லிய சந்து வழியாக எரியும் வாயு பீய்ச்சி அடிக்கும். கேஸ் கட்டிங் டார்ச் இரும்பை வெட்டுவது போல வால்வின் விளிம்பை அது வெட்டிவிடும்.

இதில் மோசமான பகுதி சத்தம்தான். ராக்கர் முகம் தேய்ந்து இடைவெளி கூடினால் டேப்பெட் அடிக்கும், சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், யாராவது கவனிப்பார்கள். இடைவெளி குறைந்தால் சத்தம் அடங்கும். இன்ஜின் முன்னைவிட நயமாக ஓடுவதாகத் தோன்றும். சாகப்போகிற இன்ஜின் சத்தம் போடாது, சந்தோஷம்தான் கொடுக்கும். அதனால்தான் இதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, தகடு போட்டு அளந்தால் மட்டுமே தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். இடைவெளியைச் சரியாக வைத்தேன். உடனே, சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் போட்டேன். பிளக் துளை வழியாக 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று கொடுத்தால் இரண்டாவது கேஜில் 80, 90 நிற்க வேண்டும். 40-க்கு மேல் ஏறவில்லை. காற்று எங்கே போகிறது என்று தேட வேண்டியதே இல்லை. ஏர் ஃபில்டர் பக்கம் அமைதி. ஆயில் ஊற்றும் வாயில் லேசான மூச்சு, அது எல்லா இன்ஜினிலும் இருப்பதுதான். ரேடியேட்டரில் குமிழ் இல்லை. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தேன், ஃபேன் முன்னால் வைத்தது போலக் காற்று. வண்டிக்காரரின் கையையும் வாங்கி அங்கே வைத்தேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

சிலிண்டரின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினோம். எக்ஸ்ஹாஸ்ட் வால்வின் விளிம்பில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு வெட்டு, அதே இடத்தில் சீட்டிலும் குழி. பிஸ்டன் நன்றாக இருந்தது, சிலிண்டர் சுவரில் புதிதில் போட்ட ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிந்தன. ஒரு வால்வு, ஒரு சீட்டு வேலை, ஒரு செட் கேஸ்கெட். எட்டணா வேலையைச் செய்யாததால் இந்தச் செலவு.

வாரண்டி காலம் முடியவில்லை என்பதால் அவர் உங்களுக்கு எழுதினார். வந்த பதிலை என்னிடம் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு வாக்கியத்தை நான் இருபது தடவை படித்திருப்பேன்: 'எங்கள் பதிவின்படி இவ்வண்டியின் இன்ஜின் 410 மணிநேரம் இயங்கியுள்ளது. அதற்குரிய பராமரிப்பு மேற்கொள்ளப்படாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.'

ஐயா, அந்த வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 1,900 காட்டுகிறது. உங்கள் கையேடு கிலோமீட்டர் கணக்கில்தான் சர்வீஸுக்கு வரச் சொல்கிறது. அவர் அந்தக் கணக்கில் ஒன்றுகூடத் தவறவில்லை. 410 மணிநேரம் என்பது அவருக்குத் தெரியவே வழியில்லை, ஏனென்றால் அந்த மீட்டரை நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள். சர்வீஸுக்குக் கூப்பிடும்போது கிலோமீட்டர் கணக்கு, வாரண்டியை மறுக்கும்போது மணிக்கணக்கு. இது எந்த ஊர் நியாயம்?

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1,900 கிலோமீட்டரை 410 மணியால் வகுத்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. வேலை வண்டி அப்படித்தான் ஓடும். ஆள் நடக்கும் வேகத்தில் சுமை இழுக்கும், நின்ற இடத்திலேயே பம்பை ஓட்டும், ஏற்றி இறக்கும் வரை ஐட்லிங்கில் கிடக்கும். அதே 410 மணிநேரம் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால் மீட்டரில் 16,400 ஏறியிருக்கும். சராசரியாக நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிநேரத்துக்கு 1,80,000 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வால்வு திறக்கிறது, ஆக மணிக்கு 90,000 தடவை. 410 மணிக்கு 3 கோடியே 69 லட்சம் தடவை அந்த வால்வு சீட்டில் அடித்திருக்கிறது. டயருக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். இன்ஜினுக்கு அது என்ன தெரியும்?

ஆயிலுக்கும் இதே கதிதான். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்று என்று கையேடு சொல்வதை அவர் கடைப்பிடித்திருக்கிறார். அவருடைய வேகத்தில் அது 108 மணிநேரம். இரண்டு லிட்டர் ஆயில், அதே ஆயில்தான் கிளட்சுக்கும் கியருக்கும், மெதுவாக ஓடும் வண்டிக்குக் காற்று வேறு அவ்வளவாகப் படாது. வடித்தபோது அது தார் மாதிரி வந்தது என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நான் உங்கள் சென்டர் பையன்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. அவர்களில் சிலர் என்னிடம் தொழில் பழகியவர்கள். டேப்பெட் வைப்பது பத்து நிமிட வேலை, ஆனால் இந்த மாடலில் அங்கே கை போக இருக்கையையும் பலகையையும் கழற்றி, இன்ஜின் முழுதாகக் குளிரும் வரை காத்திருக்க வேண்டும். காலையில் ஓட்டிக்கொண்டு வந்த வண்டி மதியத்துக்குள் கிளம்ப வேண்டும் என்றால் அது எப்போது குளிரும்? சூடான இன்ஜினில் வைக்கக் கூடாது என்று அந்தப் பையனுக்குத் தெரியும். நேரம் கிடையாது என்றும் தெரியும். கையில் இருக்கும் தாளோ எண்ணைக் கேட்கவில்லை, டிக்கைத்தான் கேட்கிறது. அவன் டிக் போடுகிறான். 'எக்ஸ்ஹாஸ்ட்: ___ மி.மீ.' என்று தாளில் ஒரு கோடு இருந்தால் அவன் அங்கே ஒரு எண்ணை எழுத வேண்டும். பொய் எண் எழுதுவதற்கு டிக் போடுவதைவிடக் கொஞ்சம் அதிகம் மனம் கூசும். அந்தக் கூச்சம் போதும், பாதி இன்ஜின்கள் பிழைத்துவிடும்.

இப்போது என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

உங்கள் முந்தைய மாடல் வந்த புதிதில் ஒரு வண்டி இழுவை இல்லை என்று வந்தது. முறைப்படி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன். இன்ஜினைச் சூடாக்கி, பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்து, பிளக் துளையில் கேஜை முறுக்கி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, முள் ஏறி நிற்கும் வரை செல்ஃப் அடித்தேன். 65 பி.எஸ்.ஐ. எனக்குத் தெரிந்த கணக்கில் இந்த அளவு இன்ஜினில் 150-ஐ ஒட்டி வர வேண்டும். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தேன், லேசாக ஏறியது. பிஸ்டன் ரிங் போச்சு என்று முடிவு கட்டி, வண்டிக்காரரிடமும் சொல்லி, பிரித்துவிட்டேன். ரிங் புதிது போல இருந்தது. சிலிண்டர் அளவும் சரி. வால்வும் சரி.

அப்புறம்தான் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் ஓரத்தில் அந்தச் சின்ன எடையையும் ஸ்ப்ரிங்கையும் பார்த்தேன். ஆட்டோ டிகம்ப்ரஷன். செல்ஃப் அடிக்கும் வேகத்தில் அது எக்ஸ்ஹாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அழுத்தத்தை வெளியே விடும், மோட்டார் எளிதாகச் சுற்ற. இன்ஜின் பிடித்து வேகம் ஏறியதும் எடை விரிந்து ஒதுங்கிக்கொள்ளும். அந்த இன்ஜினுக்குச் செல்ஃபில் 65 வருவதுதான் சரி! கம்ப்ரஷன் கேஜை நம்பக் கூடாது, லீக் டவுன்தான் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எங்காவது அச்சாகியிருந்தால் நான் அந்த ஹெட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன். உண்மையான கோளாறு பெல்ட். தேய்ந்து அகலம் குறைந்து, புல்லியில் வழுக்கிக்கொண்டிருந்தது. கேஸ்கெட் செலவையும் கூலியையும் நானே ஏற்றுக்கொண்டேன். அந்த வண்டிக்காரர் இன்றைக்கும் வருகிறார், ஆனால் நான் எதையாவது கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். அது எனக்கு வேண்டியதுதான்.

இந்த மாதிரி ஒரு வரித் தகவல்கள்தான் உங்கள் கையேடுகளிலிருந்து ஒவ்வொரு பதிப்பிலும் கழன்று விழுந்துகொண்டிருக்கின்றன. ஆயில் அளவைப் பார்க்கும்போது டிப்ஸ்டிக்கை முறுக்கிப் பார்க்க வேண்டுமா, சும்மா வைத்துப் பார்க்க வேண்டுமா என்பது புதிய பதிப்பில் இல்லை. முறுக்கிப் பார்ப்பதும் வைத்துப் பார்ப்பதும் ஒரே அளவு காட்டாது. டிரெயின் போல்ட்டை இறுக்கும் அளவும் இல்லை. கீழே இருப்பது அலுமினியம். அளவு தெரியாதவன் பயத்தில் இன்னொரு கால் சுற்று கூடுதலாக முறுக்குவான், அடுத்த தடவை கழற்றும்போது மரையோடு சேர்ந்து கையில் வரும்.

வண்டிக்காரர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிவிட்டு அப்படியே மாட்டுகிறவர்கள், ஃபோமை ஆயிலில் நனைக்காமல் போடுகிறவர்கள், கிழிந்த ஃபில்டரோடு புழுதியில் ஓட்டுகிறவர்கள் என்று தினம் பார்க்கிறேன். ஃபில்டரைத் தாண்டியிருக்கும் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவி, தூசி ஒட்டினால் உன் ரிங்கை நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாய் என்று திட்டியும் அனுப்புகிறேன். ஆனால் ஃபில்டரை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க முடிகிறது. நீங்கள் மறைத்து வைத்திருக்கும் எண்ணை நான் எங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது?

வேலை முடிந்தபின் செய்யும் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சென்டரில் 'டெஸ்டிங்' என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு தடவை ரேஸ் பண்ணி, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது. காலி வண்டியில் எந்த இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். நான் அந்தத் தம்பியின் வண்டியை முடித்தபோது செய்ததைச் சொல்கிறேன், பெரிய கருவி எதுவும் இல்லை. முதலில் லீக் டவுன், இப்போது 92 நின்றது. பிறகு ஐட்லிங்கில் சூடாக விட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும் வரை பார்த்தேன். அப்புறம் முழுச் சுமை ஏற்றி மேட்டில் ஓட்டி, மேட்டின் நடுவிலேயே இன்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இளம் பழுப்பு நிறம். ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கழற்றியிருந்தால் அது கரியைத்தான் காட்டும், சுமையில் என்ன நடந்தது என்பதைக் காட்டாது. பத்து நிமிடம் விட்டுச் சூட்டிலேயே செல்ஃப் அடித்தேன், முதல் தடவையிலேயே பிடித்தது. வண்டியை ராத்திரி அங்கேயே நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலைக் குளிரில் ஒரு ஸ்டார்ட். அதே குளிரில் டேப்பெட்டை இன்னொரு தடவை அளந்தேன். சீட்டோடு தேய்த்துப் பொருத்தி, புதிதாக லேப்பிங் செய்த வால்வு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும், 0.15 வைத்தது 0.13 ஆகியிருந்தது. திரும்ப 0.15-க்கு வைத்து, அந்த எண்ணைத் தேதியோடு அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரே அளவு அதுதான்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. வெளியாட்கள் கை வைத்தால் புகை அளவு மாறிவிடும் என்பது ஒன்று. அமெரிக்காவில் விற்கும் மோட்டார் சைக்கிள்களில் புகை விதியின்படி ஒட்டும் ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். ஐட்லிங் வேகம், டேப்பெட் இடைவெளி போன்ற டியூனிங் அளவுகள் அதிலேயே அச்சாகியிருக்கும். புகை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே எண்ணை வெளியில் ஒட்டுகிறார்கள். அதே காரணத்தைச் சொல்லி நீங்கள் அதை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்.

மேனுவல் எங்கள் சொத்து என்பது இன்னொன்று. கார்களுக்கு, பழுது பார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே வாக்களித்து அந்தப் பேச்சை முடித்துவிட்டார்கள். உங்கள் வண்டியோடு ஒரே கொட்டகையில் நிற்கும் பண்ணை இயந்திரங்களுக்கு கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் போட்டது. 2024 ஜனவரி 1 முதல் மேனுவலையும் பாகங்களையும் கருவிகளையும் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும். அதனால் எந்தக் கம்பெனியும் மூழ்கிப்போகவில்லை. சட்டம் வந்து உங்களைக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டோ என்ற ஜெர்மானியர் 1876-ல் ஓட வைத்துக் காட்டினார். இவ்வளவு காலத்துக்கு அப்புறம் ஒரு டேப்பெட் இடைவெளியில் என்ன ரகசியம் இருக்க முடியும்?

நான் கேட்பவை இவை.

எடுத்துவிட்ட பக்கங்களைக் கையேட்டில் திரும்பச் சேருங்கள். டேப்பெட் இடைவெளி, அளக்கும் முறை, போல்ட் இறுக்கும் அளவுகள், ஆயில் பார்க்கும் முறை, பிளக் இடைவெளி, பெல்ட்டின் குறைந்தபட்ச அகலம். டிகம்ப்ரஷன் இருக்கும் இன்ஜின் என்றால் அதைச் சொல்லி, செல்ஃபில் எவ்வளவு கம்ப்ரஷன் வரும், லீக் டவுனில் எவ்வளவு இழப்பு வரை போகலாம் என்பதையும் அச்சிடுங்கள். ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு ஒரு தனித் தாளாகக் கொடுத்தாலும் போதும். முழு சர்வீஸ் மேனுவலை விலைக்குத்தான் தருவோம் என்றால் தாருங்கள், வாங்கிக்கொள்கிறோம். விற்கவே மாட்டோம் என்று சொல்லாதீர்கள்.

மணி மீட்டரை டேஷ்போர்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். மென்பொருளில் இருக்கும் எண்ணைத் திரையில் காட்டப் புதிய பாகம் எதுவும் வேண்டாம். சர்வீஸ் அட்டவணையை 'இத்தனை மணிநேரம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது' என்று மாற்றுங்கள். அதுவரைக்கும், வண்டிக்காரர் கண்ணில் படாத மணிக்கணக்கைக் காட்டி ஒரு வாரண்டியையும் மறுக்காதீர்கள்.

சென்டர்களின் சர்வீஸ் தாளில் டிக் கட்டத்தை எடுத்துவிட்டு, அளந்த எண்ணை எழுத இடம் விடுங்கள்: சரியாக வைப்பதற்கு முன் எவ்வளவு, வைத்தபின் எவ்வளவு. டேப்பெட் பார்க்க வேண்டிய சர்வீஸுக்கு வண்டியை முந்தைய நாள் மாலையே விடச் சொல்லுங்கள், அந்தப் பையன்களுக்குக் குளிர்ந்த இன்ஜின் கிடைக்கட்டும். கோளாறு குறியீட்டை உங்கள் கருவி இல்லாமலே, விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணித் தெரிந்துகொள்ளும் பழைய வசதியையும் விட்டு வையுங்கள்.

கடைசியாக, அந்த 410 மணிநேர வண்டியின் மறுப்புக் கடிதத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். அவர் தன் பங்கை முழுதாகச் செய்தவர். வெட்டுப்பட்ட வால்வு என்னிடம் ஒரு டப்பாவில் இருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றும் முன் எடுத்த படங்கள் இருக்கின்றன, அவர் சர்வீஸ் புத்தகத்தின் நான்கு டிக்குகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். மூன்றையும் மேசையில் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு வெளி மெக்கானிக்